மூன்றாம் நாள் குளியலும் பிரசவக் கூடையும்: பெய்பிங் நகர மருத்துவச்சிகள், 1928–1937

எதைப் பற்றிய குறிப்பு இது

சீனாவின் பெய்பிங் நகரத்தில் நடந்தது இது. பெய்பிங் என்றால் இன்றைய பெய்ஜிங்தான். 1928இல் தலைநகரம் நான்ஜிங்குக்குப் போனதும், தலைநகர் என்று பொருள்படும் ‘ஜிங்’கை எடுத்துவிட்டு அமைதி என்று பொருள்படும் ‘பிங்’கை வைத்தார்கள். பெயர் மாறிய அதே ஆண்டில், பெரும்பாலும் எழுத்தறியாத வயதான மருத்துவச்சிகளை ஓரிடத்தில் உட்காரவைத்து, இரண்டு மாதம் பாடம் சொல்லி, சோதித்துப் பார்த்து, கையில் ஒரு கூடையைக் கொடுத்து அவரவர் தெருவுக்கே திருப்பி அனுப்புகிற வேலை அங்கே ஆரம்பித்தது. 1937இல் போர் வரும்வரை ஏதாவது ஒரு வடிவில் அது ஓடியது.

அந்தப் பெண்களின் பெயர்கள் இங்கே வேண்டாம். அதிகாரத்தில் இருந்தவர்களின் பெயரை மட்டும் சொல்கிறேன். இதை எடுத்துக்கொள்ளக் காரணம், நல்ல நோக்கத்தோடும் நல்ல மூளையோடும் செய்யப்பட்ட ஒரு சுகாதாரத் திட்டம் எந்த இடத்தில் பலித்தது, எந்த இடத்தில் கை நழுவியது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. வைத்தியமும் போலீசும் ஒரே கதவைத் தட்டிக்கொண்டு வந்தால் வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதும் தெரிகிறது.

பின்னணி: வாசலில் சிவப்புத் துணி

சீனத்தில் பிள்ளைப்பேறு பற்றி ஆண் வைத்தியர்கள் நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள், கஷாயத்துக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் பெற்றவளின் அருகில் உட்கார்ந்து பிள்ளையைக் கையில் வாங்கியது பெண்கள்தான். இந்தப் பெண்ணுக்குப் பொதுவாக ‘ஜியேஷெங்போ’ என்று பெயர், பிறப்பை ஏந்திக்கொள்ளும் கிழவி என்று சொல்லலாம். பெய்ஜிங்காரர்கள் இன்னும் நெருக்கமாக ‘லாவ்லாவ்’ என்பார்கள், அம்மாவைப் பெற்ற பாட்டியை அழைக்கிற அதே சொல். மரியாதையாகச் சொன்னால் ‘ஜிஷியாங் லாவ்லாவ்’, மங்களப் பாட்டி. அவள் வீட்டு வாசலில் ஒரு மரப்பலகை தொங்கும், அடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், பலகையில் வண்டி லேசு குதிரை வேகம் என்பது போல ஒரு வாசகம் இருக்கும். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவேன் என்று அர்த்தம்.

பிரசவம் வீட்டில்தான், ‘காங்’ எனப்படும் அடியில் சூடேற்றிய செங்கல் மேடையில். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வைக்கோலோ முரட்டுக் காகிதமோ பரப்புவார்கள், ஊர்ப்புறமானால் சாம்பலும் மணலும்கூட. பெற்றவள் உட்கார்ந்தபடியோ குந்தியபடியோ பெறுவாள். பிள்ளை விழுந்ததும் தொப்புள்கொடியை வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள், கிராமங்களில் அரிவாளும் உடைந்த மண்கலச் சில்லும்கூட இதற்குப் பயன்பட்டன. வெட்டிய இடத்தில் சாம்பலோ பொரித்த படிகாரப் பொடியோ வைத்துக் கந்தல் துணியால் கட்டுவார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பெண்களைப் பற்றிய பழைய எழுத்துகளில் பாதிக்கு மேல் வசை. முக்கியமாக மிஷனரி மருத்துவர்கள் எழுதியது, தராசுக் கொக்கியைப் போட்டு இழுத்தாள், கையை விட்டுக் கிழித்தாள் என்று. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் மூன்று நாள் வலித்து, வேறு வழியில்லாமல் கடைசியில் ஆஸ்பத்திரி வாசலுக்குத் தூக்கி வரப்பட்டவர்கள். சுகமாகப் பெற்றவள் அங்கே எதற்கு வரப்போகிறாள்? இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தக் குறிப்புகளைப் படிக்க வேண்டும்.

கண்டது: நாலாம் நாள் காற்று

எல்லாருக்கும் தெரிந்த ஒரு நோய் இருந்தது. வடக்குச் சீனத்தில் அதற்கு ‘சி லியு ஃபெங்’ என்று பெயர், நாலு ஆறு காற்று. பிறந்த நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் வருவதால் அப்படி. தொப்புள் காற்று என்றும் சொல்வார்கள்.

பிள்ளை நன்றாகத்தான் பிறக்கும். முதல் மூன்று நாள் நன்றாகத்தான் பால் குடிக்கும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மார்பில் வாயை வைக்கும், ஆனால் உதடு கவ்வாது. அழுகை மெலியும். தாய் விரலை விட்டுப் பார்த்தால் தாடை திறக்காது. அப்புறம் தொட்டால், வெளிச்சம் பட்டால், கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் உடம்பு வில்லாக வளையும். இரண்டொரு நாளில் முடிந்துவிடும். நாம் ரணஜன்னி என்றோ டெட்டனஸ் என்றோ சொல்கிறோமே, அதுதான். மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமி விதை, வெட்டிய கொடி வழியாக உள்ளே போய், கந்தலும் சாம்பலும் மூடிய காற்றில்லாத இடத்தில் முளைத்து நஞ்சைக் கக்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கத்தரிக்கோல் பட்ட நாளுக்கும் தாடை இறுகிய நாளுக்கும் நடுவில் நாலைந்து நாள் இருக்கிறது. அந்த இடைவெளியில் மருத்துவச்சி மூன்றாம் நாள் வந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, வாழ்த்திக் காசும் வாங்கிப் போய்விட்டாள். அவள் கைக்கும் இந்தக் காற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று குடும்பத்துக்கு எப்படித் தோன்றும்? அவளுக்கே தோன்றவில்லை. எத்தனையோ பிள்ளைகளை அதே கத்தரிக்கோலால் வெட்டியவள், அதில் நிறைய பிள்ளைகள் வளர்ந்து அவளைத் தெருவில் பார்த்துக் கும்பிடுகிறார்கள். இதை முட்டாள்தனம் என்று எழுதுவது சுலபம். அவள் இடத்தில் இருந்து பார்த்தால் அவள் கண்ட அனுபவம் முழுக்க அவள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

பிறந்து சில நாளில் இறந்த சிசுவுக்குப் பெரிய சடங்கு கிடையாது, குடும்பக் கல்லறையில் இடமும் கிடையாது. பெரியவர்கள் இறந்தால் யின்யாங் சோதிடர் வந்து நேரம் பார்த்துச் சீட்டு எழுதுவார், அந்தச் சீட்டு போலீசுக்குக் கணக்கு. சிசுவின் சாவு அந்தக் கணக்குக்குள்ளேயே வராமல் போய்விடும். ஆக, நோயைத் தடுப்பது இருக்கட்டும், எண்ணுவதற்கே யாரும் இல்லை.

எண்ண ஆரம்பித்தது 1925இல். பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதாரப் பேராசிரியராக இருந்த ஜான் கிராண்ட், நகரப் போலீசோடு பேசி, சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார். மாணவர்கள் மருத்துவமனைக் கட்டிலை மட்டும் பார்த்துப் படிக்காமல் தெருவையும் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கல்லூரி அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் நடந்தது. வட்டாரத்துக்குள் பிறப்பும் இறப்பும் விசாரித்துப் பதிவு செய்யப்பட்டன. விசாரிப்பவர் வீடு வீடாகப் போவார், அவருக்குப் பின்னால் போலீசின் அதிகாரம் இருந்தது. இந்தக் கூட்டணியை நினைவில் வையுங்கள், பின்னால் இது திரும்பி வரும்.

திட்டத்தின் பின்னால் இருந்தவர்

யாங் சோங்ருய், 1891இல் பிறந்தவர், 1917இல் வட சீனப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். 1925இல் உதவித்தொகையில் அமெரிக்கா போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1927இல் திரும்பினார். பிரசவ அறையில் நல்ல அறுவை மருத்துவராக இருந்து பேரெடுத்திருக்கலாம். ஹெபெய் மாகாணத்துக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்த பிறகு, சீனத்துக்கு வேண்டியது இன்னொரு அறுவை மருத்துவர் இல்லை, நல்ல மருத்துவச்சிகள்தான் என்ற முடிவுக்கு வந்தார். ஆயிரம் பிரசவத்துக்குப் பதினைந்து தாய்மார் இறக்கிறார்கள், பிறக்கிற பிள்ளைகளில் நாலில் ஒன்று ஒரு வயதைத் தாண்டுவதில்லை என்பது அந்தக் காலத்துச் சுகாதாரக்காரர்கள் வைத்திருந்த மதிப்பீடு. முழு நாட்டுக்கும் கணக்கெடுத்த எண் இல்லை இது, ஆனால் எல்லாரும் இதை வைத்துத்தான் பேசினார்கள்.

முதல் முடிவு: தடை போடவில்லை

மூன்று வழி இருந்தது. பழைய மருத்துவச்சிகளை மொத்தமாகத் தடை செய்யலாம். படித்த இளம்பெண்களைப் பயிற்றுவித்து அவர்கள் இடத்தில் வைக்கலாம். அல்லது இருப்பவர்களையே திருத்தலாம். யாங் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்தார், ஆனால் சமமாக அல்ல.

தடை ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் எளியது. தடை போட்டால் நாளை ராத்திரி பிள்ளை பெறப்போகிறவளுக்கு யார் இருக்கிறார்கள்? முறையாகப் படித்த மருத்துவச்சிகள் அன்று நாடு முழுக்கவே சொற்பம், அவர்களும் பெரிய நகரங்களில். இன்னொன்று, குடும்பங்கள் அந்தப் படித்த பெண்ணை நம்பவில்லை. இருபது வயது, கல்யாணம் ஆகவில்லை, வெட்டிய முடி, தான் ஒரு பிள்ளை பெற்றதில்லை, இவளுக்கு என்ன தெரியும் என்பதுதான் மாமியார்களின் கேள்வி. (ஒரு வேடிக்கை: சீன மகப்பேறு மருத்துவத்தின் இரண்டு பெரிய பெயர்களான யாங் சோங்ருயும், ஐம்பதாயிரத்துக்கு மேல் பிள்ளைகளை ஏந்திய லின் ச்சியாவ்ஜியும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள்.)

1928இல் நான்ஜிங் அரசு பழைய மருத்துவச்சிகளுக்கும் புதியவர்களுக்கும் தனித்தனியாக விதி கொண்டுவந்தது. புதியவர்களுக்குப் பெயரே வேறு: ‘ஜுச்சான்ஷி’, பிரசவத்துக்கு உதவும் தொழில்வல்லுநர். கிழவி என்கிற ‘போ’ போய், பட்டம் பெற்றவருக்குரிய ‘ஷி’ வந்தது. பழையவர்கள் முப்பது வயதிலிருந்து அறுபதுக்குள் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், இரண்டு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும், மருந்து கொடுக்கக் கூடாது, கருவி போட்டு இழுக்கக் கூடாது, சிக்கல் என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எல்லாமே தற்காலிகம் என்ற எண்ணத்தோடுதான் எழுதப்பட்டது. ஜுச்சான்ஷிகள் போதுமான அளவு வந்ததும் பாட்டிகள் மெல்லக் காணாமல் போக வேண்டும்.

1929இல் பெய்பிங்கில் முதலாவது தேசிய மருத்துவச்சிப் பள்ளி திறந்தது, ச்சிலின்பெய் என்ற சந்தில். பெரும் கவனமும் பணமும் அங்கேதான் போனது. பழைய மருத்துவச்சிகளின் வகுப்பு பக்கத்தில் ஓடிய சின்ன வாய்க்கால்.

வகுப்பு

எழுத்தறியாதவர்களுக்கு எழுதிப் போட்டு என்ன பயன்? வாயால் சொல்லி, கையால் செய்துகாட்டி, திரும்பச் செய்யவைத்துப் பாடம் நடந்தது. நகம் வெட்டு. மோதிரம், வளையல் கழற்று. முழங்கைவரை சோப்புப் போட்டு பிரஷால் தேய். கத்தரிக்கோலைக் கொதிக்க வை. கொடியைக் கட்டு, வெட்டு, சுத்தமான துணி வைத்துக் கட்டு, அதன்மேல் சாம்பல் வைக்காதே. மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைக்கு என்ன செய்வது, வயிற்றில் பிள்ளை எந்த மாதிரிக் கிடந்தால் உடனே ஆள் அனுப்ப வேண்டும், ரத்தம் எவ்வளவு போனால் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் இருந்தது. கடைசியில் வாய்மொழித் தேர்வு.

பாடத்திட்டம் நல்ல பாடத்திட்டம் என்றுதான் நான் சொல்வேன். இரண்டு மாதத்தில் எதைச் சொல்ல முடியுமோ அதைச் சொன்னது, உடற்கூறியலை முழுக்கப் புகட்டப் பார்க்கவில்லை. கை, கத்தரிக்கோல், கொடி என்று மூன்று இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாலு ஆறு காற்றை நிறுத்த அந்த மூன்றும் போதும்.

ஒரே ஒரு விஷயம் தலைகீழாக இருந்தது. நாற்பது வருஷம் பிள்ளை வாங்கிய ஒருத்தி முன்னால், இதுவரை நீ செய்தது எல்லாம் ஆபத்து என்று சொல்லிக்கொண்டு, பிள்ளை பெறாத இளம்பெண் பாடம் எடுக்கிறாள். அவளிடம் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எந்த வீட்டில் மாமியார் வெளியாளை உள்ளே விடமாட்டாள், எந்தப் பெண்ணுக்கு முந்தைய பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனது, யார் நான்கு பிள்ளையைப் பறிகொடுத்து ஐந்தாவதற்குப் பயந்துகொண்டிருக்கிறாள்? இதெல்லாம் நிலையத்தின் பதிவேட்டில் இல்லை, அவள் தலைக்குள் இருந்தது.

கூடை

தேறியவர்களுக்குப் பிரசவக் கூடை கிடைத்தது. வெள்ளை மேலங்கி, கைத்துணி, சோப்பு, நகம் தேய்க்கும் பிரஷ், கத்தரிக்கோல், கொடி கட்டும் நூல், சுத்தமான துணி, லைசால் போன்ற கிருமிநாசினி, பிள்ளையின் கண்ணுக்குச் சொட்டுமருந்து என்று உள்ளே இருக்கும். தீர்ந்த பொருளை நிலையத்தில் வந்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இந்தத் திட்டத்தில் உண்மையிலேயே புத்திசாலித்தனமான பகுதி எது என்று கேட்டால் நான் வகுப்பைச் சொல்ல மாட்டேன், கூடையைத்தான் சொல்வேன். வகுப்பு முடிந்த ஆறு மாதத்தில் கேட்டதில் பாதி மறந்துபோகும். கூடை கையில் இருந்தால் மறக்காது, கத்தரிக்கோலைப் பார்த்ததும் கொதிக்கவைக்க வேண்டும் என்ற நினைப்பு வரும். நூல் தீர்ந்தால் நிலையத்துக்கு வந்துதான் ஆக வேண்டும், வந்தால் பேச்சு, பேச்சில் எத்தனை பிரசவம், என்ன ஆனது என்று ஒரு கணக்கு. கூடை வாசலில் தெரிவதே மருத்துவச்சிக்கும் ஒரு மதிப்பு: சிவப்புத் துணிப் பலகைக்கு மேல் இன்னொரு அடையாளம், அரசாங்க முத்திரையோடு.

மேற்பார்வை: ஒரே நோட்டு, இரண்டு வேலை

அப்புறம்தான் சிக்கல். பயிற்சி பெற்றவள் தான் பார்த்த பிரசவங்களைத் தவறாமல் அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு சிசு இறந்தால் விசாரணை. விதி மீறியிருந்தால் எச்சரிக்கை, அபராதம், உரிமம் பறிப்பு. உரிமம் இல்லாமல் பிரசவம் பார்த்தவர்கள் மேல் போலீஸ் நடவடிக்கை.

சுகாதார நிலையத்தின் பார்வையில் இது நியாயம்தான். தவறு எங்கே என்று தெரியாமல் எப்படித் திருத்துவது? ஆனால் மருத்துவச்சியின் பார்வையில் யோசித்துப் பாருங்கள். நாலாம் நாள் ஒரு வீட்டில் பிள்ளையின் தாடை இறுகுகிறது என்று கேள்விப்படுகிறாள். உடனே நிலையத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னால் அது அவளுக்கு எதிரான சாட்சி. சொல்லாமல் விட்டால் குடும்பம் தானாகச் சொல்லப்போவதில்லை, பிள்ளைக்குச் சீட்டும் எழுதப்போவதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் புத்தி. எந்தத் தகவல் நிலையத்துக்கு மிக அவசரமாக வேண்டுமோ, அதை மறைக்க மிகப் பெரிய காரணத்தை அந்த நிலையமே உண்டாக்கி வைத்தது.

பதிவு செய்யாமலே தொடர்ந்தவர்களும் இருந்தார்கள். வயது அறுபதைத் தாண்டியவள், வகுப்புக்கு வர நேரமில்லாதவள், கூலி போய்விடும் என்று பயந்தவள். நாளைக்கு இந்தத் தொழிலே இருக்காது என்று விதியே சொல்லும்போது, இரண்டு மாதக் கூலியை விட்டுவிட்டு அவள் எதற்கு வகுப்பில் உட்கார வேண்டும்?

விட்டுப்போன இடம்: மூன்றாம் நாள்

இதுதான் எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெய்ஜிங்கில் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ‘ஷீசான்’, மூன்றாம் நாள் குளியல். அதை நடத்துவது மருத்துவச்சிதான். வேம்புக்கு நாம் கொடுக்கிற இடத்தை அங்கே மாசிபத்திரியும் வாகைபோன்ற ஒரு மரத்தின் கிளையும் பிடித்திருக்கின்றன, இரண்டையும் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைப்பார்கள். சொந்தபந்தம் கூடும். ஒவ்வொருவரும் ஒரு கரண்டி தண்ணீரை வட்டிலில் ஊற்றி, கூடவே காசு போடுவார்கள், சிலர் சீன இலந்தைப்பழம், தாமரைவிதை, சிவப்புச் சாயமிட்ட முட்டை. ஒவ்வொன்றுக்கும் பாட்டி ஒரு வாழ்த்துச் சொல்வாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, ஒரு வெங்காயத்தாளால் மெல்லத் தட்டுவாள்: வெங்காயத்தாளுக்கும் அறிவுக்கும் சீனத்தில் ஒரே ஒலி, ‘ச்சோங்’. தட்டிய தாளைக் கூரைமேல் வீசுவார்கள். தொப்புளில் படிகாரப் பொடி வைப்பாள். எல்லாம் முடிந்ததும் வட்டிலில் விழுந்த காசு அவளுக்கு.

சுகாதாரக்காரர்களுக்கு இது மூடப்பழக்கம். ஆறாத தொப்புளைப் பலர் கைபட்ட தண்ணீரில் நனைக்கிறார்கள், பொடி வைக்கிறார்கள், கூட்டம் வேறு. மருத்துவக் காரணம் சரியானது. புதிய முறையில் ஜுச்சான்ஷி பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்ப்பாள், வாழ்த்துப் பாட்டும் வெங்காயத்தாளும் அதில் கிடையாது.

ஆனால் இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. ஒன்று, அந்தக் காசு. பிரசவக் கூலியைவிட மூன்றாம் நாள் வட்டிலைத்தான் பல மருத்துவச்சிகள் நம்பியிருந்தார்கள், முக்கியமாக ஏழை வீடுகளில், ஏனென்றால் அது சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போடுவது. குளியலை விடு என்றால் சம்பளத்தை விடு என்று அர்த்தம். அதற்கு ஈடாக நிலையம் எதையும் கொடுக்கவில்லை. இரண்டாவது, பிரசவம் பார்த்தவள் மூன்றாம் நாள் தானாகவே திரும்பி வந்து பெற்றவளையும் பிள்ளையையும் ஏறெடுத்துப் பார்ப்பது, கட்டைப் பிரித்துத் தொப்புளைத் தொட்டுப் பார்ப்பது, காய்ச்சல் இருக்கிறதா என்று தாயின் நெற்றியில் கை வைப்பது, இப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எத்தனை இடத்தில் கூப்பிடாமலே அமைந்திருக்கும்? சுகாதாரத் திட்டங்கள் பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டு வருகையை உண்டாக்கப் படாதபாடு படுகின்றன. இங்கே அது ஏற்கெனவே இருந்தது, சொந்தபந்தம் சேர்ந்து காசு கொடுத்து நடத்திக்கொண்டிருந்தது.

பின்னால் நடந்தது

பயிற்சி பெற்றவர்களில் ஒரு பகுதியினர் உண்மையாகவே மாறினார்கள். பள்ளியின் ஜுச்சான்ஷிகள் பார்த்த பிரசவங்களில் தாய் சேய் இறப்பு பொதுநிலையைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. நகரத்தில் இது ஓரளவு வேரூன்றியது, கிராமத்துக்குப் போகவில்லை. 1933இல் நான்ஜிங்கிலும் ஒரு மையப் பள்ளி தொடங்கப்பட்டது. 1937இல் ஜப்பானியர் வந்தார்கள், யாங் உள்நாட்டுக்குப் போய்விட்டார், கூடையை நிரப்பிக் கொடுத்த கைகள் கலைந்தன.

1949க்குப் பிறகு அவர் ஜெனீவாவில் உலகச் சுகாதார நிறுவன வேலையை விட்டுவிட்டுப் பெய்ஜிங் திரும்பி, புதிய கம்யூனிஸ்ட் அரசின் சுகாதார அமைச்சகத்தில் தாய் சேய் நலத்துறையை நடத்தினார். அப்போது வந்ததுதான் ‘சின்ஃபா ஜியேஷெங்’, புதுமுறைப் பிரசவம். 1920களில் செய்ததன் பெரிய பதிப்பு: பழைய மருத்துவச்சிகளை லட்சக்கணக்கில் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை அவர்களுக்கு ஊர்க் கூட்டங்களில் ஓர் இடம் இருந்தது, நாளைக்கு நீ இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கிராமங்களில் ரணஜன்னி குறைந்தது இந்தக் காலத்தில்தான். கூடவே பெற்றவள் மல்லாந்து படுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து வைத்தார்கள், ஒரு படுக்கை மூன்று கிருமிநீக்கம் என்பது அந்நாளைய முழக்கம். கிருமிக்கும் படுக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்து பெறுவதில் ரணஜன்னி ஒன்றும் வராது. பெற்றவள் தனக்கு வசதியான நிலையில் இருக்கட்டும் என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

யாங் 1957இல் வலதுசாரி, அதாவது கட்சிக்கு எதிரானவர், என்று முத்திரை குத்தப்பட்டார். 1983இல் காலமானார்.

அடுத்த மாற்றம் வேறு திசையில். 2000இல் 378 மாவட்டங்களில் ஒரு திட்டம் தொடங்கியது, தாய் இறப்பைக் குறைப்பது, சிசு ரணஜன்னியை ஒழிப்பது என்ற இரண்டு நோக்கத்தோடு. இதில் மருத்துவச்சியைத் திருத்துகிற பேச்சே இல்லை. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ஏழைக்குச் செலவை ஏற்கிறோம் என்றார்கள். 1988இல் பாதிக்கும் குறைவான பிரசவங்களே மருத்துவமனையில் நடந்தன, 2008க்குள் கிட்டத்தட்ட எல்லாமே. 2012இல் சிசு ரணஜன்னி ஒழிந்ததாக உறுதியானது. 2020இல் தாய் இறப்பு லட்சம் பிறப்புக்கு 16.9. பெரிய சாதனை, அதில் சந்தேகமே இல்லை. அதே காலத்தில் மருத்துவச்சி என்ற தொழில் மெலிந்து, மகப்பேறு மருத்துவரின் உதவியாள் ஆகிப்போனது, 2014இல் நூற்றுக்கு 34.9 பிரசவம் வயிற்றைக் கீறித்தான்.

மறுபடி செய்வதென்றால்

கூடையை அப்படியே வைத்துக்கொள்வேன். வகுப்பையும் பெரும்பாலும் அப்படியே, ஆனால் இரண்டு மாதத்தில் இரண்டு நாளாவது பாட்டிகள் பேச, ஜுச்சான்ஷிகள் கேட்கட்டும்.

சிசு இறப்பு விசாரணையையும் உரிமத்தையும் பிரித்துவிடுவேன். நாலாம் நாள் தாடை இறுகியது என்று முதலில் வந்து சொன்னவளுக்குத் தண்டனை இல்லை, மறைத்தவளுக்குத்தான் என்று வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கணக்கெடுக்கிறவர் போலீசோடு வரக் கூடாது. 1925இல் அந்தக் கூட்டணி இல்லாமல் பதிவேடே உண்டாகியிருக்காது என்று கிராண்ட் பக்கம் பேசுபவர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆரம்பிக்கப் போலீஸ் வேண்டியிருந்திருக்கலாம், பத்து வருஷம் வேண்டியிருக்கவில்லை.

வயதான மருத்துவச்சியோடு ஓர் இளம் ஜுச்சான்ஷியைச் சேர்த்து ஒரே வீட்டுக்கு அனுப்புவேன். கதவைத் திறக்கவைப்பது ஒருத்தி, கையைக் கழுவவைப்பது இன்னொருத்தி. மருத்துவச்சியின் மகளையோ மருமகளையோ அந்த இடத்துக்குப் பயிற்றுவித்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் நாள் குளியலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும், தொப்புளுக்கு மேலேயே துடைத்து நிறுத்தட்டும், படிகாரப் பொடிக்குப் பதில் கூடையிலிருந்து சுத்தமான துணி வரட்டும். வாழ்த்தும் வெங்காயத்தாளும் காசும் இருக்கட்டும், அதில் யாருக்கும் ரணஜன்னி வராது. அன்று பார்த்ததை நிலையத்தில் வந்து சொன்னால் ஒரு கட்டு நூலும் சோப்பும் இலவசம்.

2009இல் சீன அரசு அடிப்படைப் பொதுச் சுகாதாரச் சேவை என்று ஒரு பட்டியல் போட்டது. பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வருகிறவர் கையில் படிவம் இருக்கும். படிவத்தில் தொப்புள் எப்படி இருக்கிறது என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு.